பார்ட் ஃபோர் தாளுக்கு சி.ஓ. எழுதச் சொல்லிவிட்டார்களா?

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் துறைத்தலைவர் கூப்பிடுவார். "அந்த என்.எம்.இ. பேப்பர் ஒண்ணுதான் பாக்கி. சி.ஓ. மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. திங்கட்கிழமை போர்டு." என்.எம்.இ. என்பது பிற துறை மாணவர்களுக்கான விருப்பப் பாடம், பட்டப்படிப்பின் நான்காம் பகுதியான பார்ட் ஃபோரில் வரும் பொதுப்பாடங்களில் ஒன்று. சி.ஓ. என்பது பாட விளைவு, தாள் முடிந்தபின் மாணவர் எதைச் செய்துகாட்டுவார் என்ற வரி. போர்டு என்பது பாடத்திட்டத்துக்கு ஒப்புதல் தரும் குழு. நீங்கள் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. முதன்மைப் பாடங்களை மூத்தவர்கள் தங்களுக்குள் பங்குபோட்டு முடித்திருப்பார்கள். பொதுப்பாடத்தை யாரும் சீந்துவதில்லை. அதனால் அது புதியவர் தலையில் வந்து விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

அன்று நான் செய்ததைத்தான் நீங்களும் செய்ய நினைப்பீர்கள்: வேறொரு கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கூகுளில் தேடி இறக்கி, தாளின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவது. நான் ஒட்டிய முதல் வரி, "மாணவர்கள் சுற்றுச்சூழல் குறித்த விழிப்புணர்வைப் பெறுவர்." போர்டுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "விழிப்புணர்வு வந்த பையனையும் வராத பையனையும் என் முன்னாடி நிறுத்துறீங்க. எவன் எவன்னு நான் எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. தாள் அப்படியே நிறைவேறிவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தாளுக்கு உட்கார்ந்தாலும் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரியில் வேலைபார்க்கும் புதிய உதவிப் பேராசிரியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்துவிடும். அங்கே இருப்பவர்களுக்கும் உள்மதிப்பீட்டை அமைக்கும் இடத்தில் இது உதவும்.

முதலில் தாளின் இருப்பிடம்

தமிழ்நாட்டில் கலை அறிவியல் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளால் ஆனது. முதல் பகுதி தமிழ் அல்லது மாணவர் எடுத்த வேறு மொழி. இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதுதான் பட்டத்தின் உடல்: முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். நான்காம் பகுதியில் அடிப்படைத் தமிழ், சிறப்புத் தமிழ், பிற துறை விருப்பப் பாடமான என்.எம்.இ., சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள் எல்லாம் அடங்கும். ஐந்தாவது விரிவாக்கப் பணி, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு இவை அதில் வரும். 2008-09 வாக்கில் விருப்பத்தேர்வு கிரெடிட் முறை மாநிலமெங்கும் வந்தபோது இளநிலைக்கு மொத்தம் 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளின் எடையைக் காட்டும் புள்ளி) என்று வகுத்தார்கள். அதில் என்.எம்.இ. தாளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு. வாரம் இரண்டு மணி நேரம், பதினைந்து வாரம்.

இந்தப் பொதுக்கல்வி நேற்று முளைத்ததில்லை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்வி ஆணையமே, எந்தத் துறையில் பட்டம் வாங்குபவருக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம்மூர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அதன் உறுப்பினர். இயற்பியல் படிப்பவர் சமூகத்தையும், வரலாறு படிப்பவர் அறிவியலையும் கொஞ்சமாவது தொட்டுப்பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். துறைத்தலைவர் "ஒண்ணுதான் பாக்கி" என்று சொன்ன தாளின் வம்சாவளி இது.

அடிப்படைத் தமிழ், சிறப்புத் தமிழ், என்.எம்.இ. மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பள்ளியில் தமிழே படிக்காமல் வந்து, கல்லூரியிலும் வேறு மொழி எடுத்தவருக்கு அடிப்படைத் தமிழ். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழ். இரண்டிலும் சேராத மற்றவர்களுக்கு என்.எம்.இ. தாள் யாருக்கானது என்று தெரியாமல் விளைவு எழுத முடியாது. அடிப்படைத் தமிழின் தரம் ஆறாம் வகுப்பு அளவு என்றே வகுத்திருக்கிறார்கள். அதன் கற்றல் விளைவில் "சங்க இலக்கியத்தின் அகமரபைப் பகுத்தாய்வர்" என்று யாரோ எழுதியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ல, ள, ழ மூன்றையும் காதால் பிரித்தறிய முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள் அந்த வகுப்பிலிருந்த இந்தி பேசும் பெண்.

வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

என்.எம்.இ. வகுப்பில் உங்கள் துறை மாணவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பி.காம். இருபது, கணிதம் பன்னிரண்டு, வரலாறு எட்டு, கணினி அறிவியல் பதினெட்டு, இப்படிக் கலந்து கட்டி வருவார்கள். பாதிப்பேர் சீட்டு காலியாக இருந்ததால் இந்தத் தாளுக்கு வந்தவர்கள். நேரமும் பெரும்பாலும் கடைசி மணி நேரமாகவே அமையும். தாளில் முப்பது மணி நேரம் என்றிருக்கும். உள்மதிப்பீட்டுத் தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை எல்லாம் கழித்தால் என் அனுபவத்தில் 22, 23ஐத் தாண்டியதில்லை. அந்த 22 மணி நேரத்துக்குத்தான் விளைவு எழுதுகிறீர்கள்.

ஆகவே பேனாவை எடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த வரலாற்று மாணவரை ஐந்து வருடம் தள்ளிவைத்துப் பாருங்கள். எங்காவது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார், உங்கள் பாடத்தை அதன்பின் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார். உங்கள் தாளைப் படித்ததால் அவர் கையில் மிச்சமிருப்பது என்ன? எந்த இடத்தில் அது அவருக்கு உதவுகிறது? அந்த இடத்தை ஒரு காட்சியாக எழுதுங்கள். வங்கியில் கடன் படிவத்தோடு நிற்கிறாரா, வாட்ஸ்அப்பில் வந்த மருத்துவக் குறிப்பைப் படிக்கிறாரா, வீட்டுக்கு வந்த கட்டணப் பட்டியலைப் பார்க்கிறாரா? முதன்மைப் பாடத்துக்கு இந்த வேலை தேவையில்லை. அங்கே அடுத்த தாள் இருக்கிறது, முதுநிலை இருக்கிறது. பொதுப்பாடத்துக்கு அடுத்த தாள் கிடையாது.

நோக்கம் வேறு, விளைவு வேறு

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: கற்றல் நோக்கங்கள், பாட விளைவுகள். புதியவர்கள் ஒரே வாக்கியத்தை இரண்டிலும் கொஞ்சம் திருப்பிப்போட்டு எழுதுவார்கள். நோக்கம் ஆசிரியருடையது, நான் இதைச் சொல்லிக்கொடுக்கப்போகிறேன் என்பது. விளைவு மாணவருடையது, தாள் முடிந்தபின் அவர் எதைச் செய்துகாட்டுவார் என்பது. சமையல் வகுப்பில் "சாம்பார் வைப்பதைக் கற்பிப்பது" நோக்கம். "துவரம்பருப்பு கரைய வேகவைத்து, புளி அளந்து, நான்கு பேருக்குச் சாம்பார் வைப்பார்" என்பது விளைவு. இரண்டாவதை ருசித்துப் பார்த்து மார்க் போடலாம்.

அதனால் நான்கு வினைச்சொற்களை ஒதுக்கி வையுங்கள்: அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர், விழிப்புணர்வு பெறுவர். இந்த நான்கும் மாணவர் மண்டைக்குள் நடப்பவை, வெளியே தெரியாது. கணக்கிடுவர், ஒப்பிடுவர், வகைப்படுத்துவர், வரைவர், பிழை சுட்டுவர், எடுத்துரைப்பர் போன்ற சொற்கள் வெளியே நடப்பவை.

இங்கேதான் கே1 முதல் கே6 வரை கற்றலின் ஆறு படிகள் வரும். பெஞ்சமின் ப்ளூம் குழுவினர் 1956இல் வகுத்ததை ஆண்டர்சனும் க்ராத்வோலும் 2001இல் திருத்தியமைத்த வரிசை அது: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். வினைச்சொல் பட்டியல் ஒன்று எல்லாத் துறையிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து வினைச்சொல்லைத் தூவிவிட்டால் படி ஏறிவிடாது. "பகுத்தாய்வர், கே4" என்று எழுதிவிட்டு, தேர்வில் "பகுத்தாய்வு என்றால் என்ன?" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால் அது கே1தான். படி இருப்பது நீங்கள் கேட்கும் கேள்வியில். இதனால்தான் நான் இப்போதெல்லாம் கேள்வியை முதலில் எழுதுகிறேன், விளைவை அதிலிருந்து எடுக்கிறேன்.

ஒரு மின்கட்டணப் பட்டியல்

சொல்வதைவிடக் காட்டுவது எளிது. கணிதத்துறை நடத்தும் "அன்றாடக் கணிதம்" என்ற என்.எம்.இ. தாளுக்குத் திருத்தம் செய்யும் குழுவில் இருந்தேன். பழைய விளைவு: "அன்றாட வாழ்வில் கணிதத்தின் பயன்பாட்டை மாணவர்கள் அறிவர்." அலகில் சதவீதம், விகிதம், வட்டி எல்லாம் இருந்தன. எல்லாமே பத்தாம் வகுப்பில் படித்தவைதான், பி.காம். மாணவருக்கு அதைவிட அதிகமே தெரியும்.

கேள்வியை முதலில் எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். "உங்கள் வீட்டு இ.பி. பில்லைக் கொண்டுவாருங்கள்" என்று ஆரம்பித்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பார்கள், முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்குமேல் அடுக்கடுக்காகக் கட்டணம் ஏறும். இது எல்லோரும் அறிந்தது. அறியாத ஒன்று 500இல் ஒளிந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக 500 யூனிட் ஓடினால், முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 வீதம் 225 ரூபாய், அடுத்த இருநூறு 4.50 வீதம் 900, கடைசி நூறு 6 வீதம் 600. மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால்? 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.25 சலுகையே கிடையாது. 101லிருந்து 400 வரை எல்லாம் 4.50தான். 1,350 கூட்டல் 600 கூட்டல் அந்த ஒரு யூனிட்டுக்கு 8. ஆக 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அட்டவணை அதன்பின் மாறியிருக்கிறது, வகுப்பில் நடப்பு அட்டவணையை வைத்தே செய்யுங்கள்.

வகுப்பில் இதைப் போட்டுக்காட்டியபோது கரும்பலகை முன்னால் அப்படி ஒரு சத்தம். வரலாற்றுத்துறைப் பையன் ஒருவன் மட்டும் கை தூக்கினான். "எங்களுக்கு இதெல்லாம் கிடையாது சார். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபா வாங்குறார்." அவன் வீட்டில் 300 யூனிட் ஓடியிருந்தது. அட்டவணைப்படி பார்த்தால் 675 ரூபாய், அவர்கள் கொடுத்தது 2,400. வகுப்பே கொதித்தது. பி.காம். பெண் ஒருத்தி நிதானமாகக் கேட்டாள்: "மூணு குடித்தனத்துக்கும் ஒரே மீட்டரா இருந்தா?" மூன்று வீட்டுக்கும் சேர்த்து 900 யூனிட் என்றால் வீட்டுக்காரர் மேலடுக்கில் கட்டிக்கொண்டிருப்பார். அப்போதும் எட்டு ரூபாய் அதிகமா, நியாயமா? போட்டுப்பார்த்தார்கள். 900 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் கட்டுவது 5,550, வாங்குவது 7,200. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

விளைவை அன்று இரவு மாற்றி எழுதினோம்: "அடுக்குக் கட்டணமுறையில் அமைந்த ஒரு பட்டியலைப் படித்து, தொகையைத் தாமே கணக்கிட்டு, இரு வேறு கட்டணமுறைகளை ஒப்பிட்டு, எது யாருக்குப் பாதகம் என்று காரணத்தோடு எடுத்துரைப்பர்." இ.பி. பில் என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். விளைவு ஓர் உதாரணத்துக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. தண்ணீர் வரி, ஆட்டோ மீட்டர், வருமான வரி, எதை வைத்தும் சோதிக்கலாம். ஆனால் உதாரணம் இல்லாமல் அந்த வாக்கியம் பிறந்திருக்காது. அகலமும் அளவும் இப்படித்தான் அமையவேண்டும்: மாணவர் செய்வது கண்ணுக்குத் தெரியவேண்டும், பொருள் மாறினாலும் வாக்கியம் நிற்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. விடுதி மாணவரிடம் பில் இருக்காது, குடிசை இணைப்பு உள்ள வீட்டுப் பிள்ளை பில்லைக் காட்டக் கூச்சப்படலாம். நான்கைந்து மாதிரிப் பட்டியல்களை நீங்களே கையில் வைத்திருங்கள். சொந்த பில்லைக் கொண்டுவருவது விருப்பமாக இருக்கட்டும்.

எத்தனை விளைவு?

இரண்டு கிரெடிட் தாளுக்கு மூன்று போதும் என்பது என் கட்சி. ஆனால் படிவத்தில் ஐந்து அலகு, ஐந்து கட்டம் இருக்கும். அதற்காகச் சண்டை போடாதீர்கள், புதியவர் சண்டை எடுபடாது. மூன்றில் பெரியவை இரண்டைப் பிரித்து ஐந்தாக்கிக்கொள்ளுங்கள். அலகுக்கு ஒரு விளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் அலகின் தலைப்பையே வாக்கியமாக நீட்டி எழுதியதாகத்தான் முடியும்.

சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி

சுற்றுச்சூழல் கல்வியில் உங்கள் கைகள் கட்டப்பட்டிருக்கும். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்த தாள் அது. 2003இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. பொதுப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அலகுகளை மாற்ற முடியாது என்று கைவிரித்துவிடாதீர்கள். அதில் களப்பணி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் மாணவர்கள் வேடந்தாங்கலுக்கோ உயிரியல் பூங்காவுக்கோ போய்ப் படம் எடுத்து, இணையத்திலிருந்து நாலு பக்கம் எடுத்து ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பதோடு அது முடிந்துவிடும். அந்த ஒரு கூறை உங்கள் கைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒரு வாரம் குப்பை எடுக்கும் நேரம், எடுக்காத நாள், எங்கே தேங்குகிறது என்று குறித்து, அதை வைத்து நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு மனு எழுதச் சொல்லலாம். விளைவு: "ஓர் உள்ளூர்ச் சூழல் சிக்கலை நேரில் பதிவுசெய்து, பொறுப்பான அலுவலருக்கு ஆதாரத்தோடு மனு வரைவர்." விழிப்புணர்வு வந்த பையனை இப்போது அந்தப் பேராசிரியர் முன் நிறுத்தலாம்.

மதிப்புக் கல்விதான் நிஜமான தலைவலி. "மாணவர்கள் நேர்மையுடன் வாழ்வர்" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. நேர்மைக்கு எழுபத்தைந்துக்கு எத்தனை போடுவீர்கள்? நேர்மை இல்லாதவன்தான் அந்தத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுப்பான். ஒருவருடைய குணத்தை அளக்கும் உரிமையும் நமக்கில்லை, கருவியும் நம்மிடம் இல்லை. அளக்கக்கூடியது அவர் யோசிக்கும் முறை. ஏரிப் புறம்போக்கில் முப்பது வருடமாக இருக்கும் வீடுகள்; மழைக்காலத்தில் ஏரி நிரம்பி மறுபக்கம் பட்டா நிலத்து வீடுகளில் தண்ணீர் ஏறுகிறது. யார் போகவேண்டும்? மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, எதிர்ப்பக்கத்தின் வலுவான நியாயத்தை, அவர்களே ஒத்துக்கொள்ளும் விதத்தில், ஒரு பத்தி எழுதிக்காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண் போடலாம். நான் முதல்முறை இதைக் கொடுத்தபோது அறுபது பேரில் ஏழெட்டுப் பேரால்தான் முடிந்தது. மற்றவர்கள் எதிர்ப்பக்கத்தைத் திட்டி எழுதியிருந்தார்கள். அந்த ஏழெட்டை எப்படி முப்பதாக்குவது என்பதுதான் அந்தத் தாளின் வேலை.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டின்போது பாலினம், சுற்றுச்சூழல், மனித மதிப்பு, தொழில் நெறி ஆகியவை பாடத்திட்டத்தில் எங்கே வருகின்றன என்று பட்டியல் கேட்பார்கள். இந்தத் தாள்களைத்தான் கல்லூரி அதில் காட்டும். அதனால் உங்கள் வரிகளைக் கல்லூரியின் உள் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் ஒருமுறையாவது படிப்பார் என்று நம்பி எழுதலாம்.

மூன்று, இரண்டு, ஒன்று

அடுத்து, பாட விளைவுகளைப் பட்ட விளைவுகளோடு பொருத்திக்காட்டும் அட்டவணை. பக்கவாட்டில் உங்கள் விளைவுகள், மேலே பி.ஓ. என்கிற பட்ட விளைவுகள்: தொடர்புத்திறன், விமர்சன நோக்கு, கூட்டுவேலை, அறநோக்கு, வாழ்நாள் கற்றல் இப்படி. ஒவ்வொரு கட்டத்திலும் வலுவான தொடர்புக்கு 3, நடுத்தரத்துக்கு 2, குறைவுக்கு 1. எல்லாக் கட்டத்திலும் 3 போட்டுவிட்டுப் போவது ஊர் வழக்கம். கட்டம் காலியாக இருந்தால் அசிங்கம் என்று ஒரு நினைப்பு.

காலியாக விடுங்கள். எந்தக் கட்டத்துக்கு உங்களால் ஒரு கேள்வியையோ அசைன்மென்ட்டையோ எடுத்துக்காட்ட முடியுமோ அதில் மட்டும் எண் போடுங்கள். அன்றாடக் கணிதத் தாளில் கூட்டுவேலைக்கு 3 போட்டால், குழுவாக என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். ஐந்து விளைவு, எட்டு பி.ஓ. என்றால் நாற்பது கட்டம். அதில் பன்னிரண்டு பதினைந்து நிரம்பினால் நிறைவான தாள் அது. பொதுப்பாடம் ஒன்றுக்குத் தொடர்புத்திறனும் விமர்சன நோக்கும் நிரம்பாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். இவற்றை வளர்க்கத்தானே பொதுப்பாடமே.

தொடர்புத்திறன், விமர்சன நோக்கு இவற்றை எப்படி அளப்பது என்று கேட்டால், அமெரிக்கக் கல்லூரிகள் இதே சிக்கலில் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. அங்குள்ள கல்லூரி, பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ஏ.ஏ.சி. அண்ட் யூ, வேல்யூ ரூப்ரிக்ஸ் என்ற மதிப்பீட்டு அளவுகோல்களை 2009இல் வெளியிட்டது. எழுத்து, விமர்சன நோக்கு, எண்ணறிவு என்று ஒவ்வொரு திறனுக்கும் ஓர் அட்டவணை, ஒவ்வொன்றிலும் நான்கு படி. இணையத்தில் கிடைக்கும், படித்துப்பாருங்கள். அப்படியே மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள். அவர்களுடைய மாணவர் நான்கு வருடப் படிப்பு முழுக்க வளர்க்கும் திறனை மனதில் வைத்து வகுத்தது அது. உங்களுக்கு இருப்பது 22 மணி நேரம். நான்கு படி என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் வேலைக்கு ஏற்ப எழுதுங்கள்.

குப்பை மனுவுக்கு நான் எழுதியது இது. முதல் படியில் இருப்பவர் வெறும் குறை சொல்வார்: "எங்கள் தெரு மிகவும் அசுத்தமாக உள்ளது." இரண்டாம் படியில் தெரு, வார்டு, தேதி வரும். மூன்றாம் படியில் தாம் குறித்த ஏழு நாள் கணக்கு வரும், மனு சரியான அலுவலருக்குப் போகும். நான்காம் படியில், என்ன செய்யவேண்டும் என்று கேட்பதோடு, அதைச் செய்வதில் அலுவலகத்துக்கு என்ன சிரமம் இருக்கும் என்பதையும் எண்ணிப்பார்த்து மாற்று சொல்லியிருப்பார். இதை மாணவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் எல்லோரும் நல்ல மார்க் வாங்கிவிடுவார்களே என்று பயப்படும் மூத்தவர் ஒருவர் எல்லாத் துறையிலும் உண்டு. நல்ல மார்க் வாங்கட்டும், அதற்குத்தானே சொல்லிக்கொடுக்கிறோம்.

எட்டியதா என்ற கணக்கு

செமஸ்டர் முடிந்ததும் எக்செல் தாள் ஒன்று வரும். கல்லூரி ஓர் இலக்கு வைத்திருக்கும். 60 சதவீத மாணவர்கள் ஐம்பதுக்குமேல் எடுத்தால் எட்டியது என்று, உதாரணமாக. புதியவர்கள் செய்யும் தவறு, மொத்த மதிப்பெண்ணை எல்லா விளைவுக்கும் ஒரேயடியாகப் போடுவது. அப்படிப் போட்டால் ஐந்து விளைவுக்கும் ஒரே எண் வரும், ஐந்தும் ஒன்றுதானா என்ற கேள்வியும் வரும். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் எந்த விளைவு என்று குறித்துவிட்டு, கேள்விவாரியாக மதிப்பெண்ணைப் பிரியுங்கள். 58 பேரில் மின்கட்டணக் கேள்வியில் பாதிக்குமேல் எடுத்தவர்கள் 41 என்றால் 70.7 சதவீதம், எட்டியாயிற்று. வட்டிக் கேள்வியில் 26 பேர்தான் என்றால் 44.8, எட்டவில்லை. எட்டாததை மறைக்காதீர்கள். "அடுத்த பருவத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாக, நகைக்கடன் சீட்டை வைத்துப் பயிற்சி" என்று நடவடிக்கைக் கட்டத்தில் எழுதுங்கள். எல்லாமே நூற்றுக்கு நூறு எட்டியதாகக் காட்டும் கோப்பைத்தான் அனுபவப்பட்டவர்கள் இரண்டாம் முறை புரட்டுவார்கள்.

போர்டு அன்று

பாடத்திட்டப் பிரதிகளோடு ஒரு மாதிரிக் கேள்வித்தாளையும் எடுத்துப்போங்கள். பொதுப்பாடத்துக்கு ஒதுக்கும் நேரம் பத்து நிமிடம். அதுவும் வடைக்கும் காபிக்கும் நடுவில். "இந்த விளைவை எப்படிச் சோதிப்பீங்க?" என்ற கேள்வி வந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கேள்வியை எடுத்து நீட்டுங்கள். உறுப்பினர் ஒருவர் "இதெல்லாம் ரொம்பச் சின்ன விஷயமா இருக்கே, இ.பி. பில்லெல்லாம் ஒரு பாடமா?" என்பார். அவரிடம் 500, 501 கணக்கைப் போடச் சொல்லுங்கள். நான் சொன்னேன். பேனாவை எடுத்துப் போட்டுப்பார்த்தவர், அதன்பின் தன் வீட்டு பில்லைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார், தாள் நிறைவேறியது.

தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களில் மூன்றை நகல் எடுத்து வையுங்கள்: நன்றாக எழுதியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சறுக்கியது ஒன்று. பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிடுங்கள். அவற்றோடு உங்கள் நான்கு படி அட்டவணையையும், எந்த வாரம் எது ஓடவில்லை என்ற குறிப்பையும் ஒரே கோப்பில் போட்டு, முகப்பில் தாளின் குறியீட்டை எழுதித் துறை அலமாரியில் வையுங்கள். அடுத்த ஜூனில் புதிதாக ஒருவர் சேர்வார். ஒரு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவரைக் கூப்பிடுவார்கள்.